கந்தையா அண்ணையின் கட்டுப்பல்

போன மாதம் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கும் பல் கட்டினார்கள். காலம் முழுக்க மற்றவர்களுக்குப் பல் கட்டிக் கொடுத்தவன் தன் முறை வந்ததும் வாயைப் பிளந்துகொண்டு கதிரையில் கிடப்பதைப் பார்க்க அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. பேனையளவு கமரா ஒன்றை வாய்க்குள் விட்டுச் சுழற்றினார்கள். என் முரசு, அதாவது பல்லீறு, முழுவதும் திரையில் வந்து நின்றது. அச்சு எடுக்கவில்லை, சாந்து குழைக்கவில்லை, மெழுகு உருக்கவில்லை. ஓர் இயந்திரம் கரகரவென்று குடைந்து பல்லை வெளியே தள்ளியது. போட்டால் அப்படியே பொருந்துகிறது. நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் குறை சொல்லத் தொடங்குவதுதான் கிழடு தட்டியதற்கு முதல் அடையாளம் என்று நினைக்கிறவன் நான்.

பல்லைப் போட்டதும் அங்கே நின்ற பிள்ளை ஒருத்தி கண்ணாடியை நீட்டி, "வடிவா இருக்கு அங்கிள்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நான் எழும்பவில்லை.

"என்ன அங்கிள், நோகுதோ?"

"இல்லைப் பிள்ளை. எங்கடை டொக்டர் எண்டால் இப்ப ஆரையாவது கூப்பிடச் சொல்லுவார். அதுதான் இருந்திட்டன்."

அவளுக்கு விளங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவளும் மற்றப் பிள்ளைகளும் என்னைச் சுற்றி இருந்துகொண்டு, அந்த நாளில் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். ஆனால் வாயில் புதுப்பல். நான் சொன்னதில் பாதி அவர்களுக்கு விளங்கியிராது. அதனால்தான் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் படித்து அங்கேயே கொஞ்சக் காலம் வேலை செய்தேன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் மற்றச் சனத்தோடு சனமாகக் கப்பலேறி வந்து காங்கேசன்துறையில் இறங்கினேன். பிறகு வலிகாமத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பல் பகுதியில் இடம் கிடைத்தது. டொக்டர் வாயைப் பார்ப்பார், பெரும்பாலும் அளவும் அவரே எடுப்பார். பின்னறையில் இருந்து பல்லைச் செய்வது என் வேலை. ஆட்களின் முகத்தைப் பார்க்காமலே காலத்தைத் தள்ளலாம் என்று நம்பித்தான் நான் இந்தத் தொழிலுக்குப் போனேன். எனக்கு மனிதரைவிடச் சாந்தைப் பிடிக்கும். அது சொன்ன நேரத்துக்கு இறுகும், எதிர்க்கதை கதைக்காது.

டொக்டர் நல்லநாதன் அதற்கு விடவில்லை. வேலைக்குப் போன முதல் கிழமையே பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அந்த அம்மாவின்ரை முகத்தைப் பாக்காமல் பல்லை எப்பிடி அடுக்கப்போறீர்? எழும்பி வாரும்."

உயரமான மனிதர். நோயாளியோடு நின்றபடி கதைக்க மாட்டார். சில்லு வைத்த சின்ன ஸ்டூலை இழுத்துப் போட்டு, தன் முகத்தை அவர்கள் முகத்துக்கு நேரே கொண்டுவருவார். அவருடைய முதல் கேள்வி பல்லைப் பற்றியதாக இராது. "கடைசியா என்னத்தை விருப்பமாச் சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்பார். கொய்யாக்காய் என்பார்கள், நண்டுக்கால் என்பார்கள். ஒரு தோட்டக்காரர் மடியிலிருந்து, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலையே எடுத்துக் காட்டி, இதைக் கடிக்கிற மாதிரிப் பல் வேண்டும் என்றார். புழுக்கொடியலைக் கடித்தால் எனக்கே அந்த வயதில் தாடை நோகும். "ஐயா, புழுக்கொடியல் இந்தப் பிறவியிலை இல்லை. முறுக்குக்கு முயற்சி செய்து பாப்பம்" என்றார் டொக்டர், முகத்தில் சிரிப்பு இல்லாமல்.

வேலை இப்படித்தான் நடக்கும். சாந்தில் வார்த்தெடுத்த முரசின் மேல் மெழுகு வைத்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக அடுக்குவேன். அதை வாயில் போட்டுப் பார்ப்போம். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இளஞ்சிவப்புத் தூளையும் திரவத்தையும் குழைத்து இறுக்கி, சுடுதண்ணீரில் வேகவைத்து, ஆறவிட்டு, அராவி மினுக்குவோம். எழுபது வயதுக்காரருக்கு இருபது வயதுப் பல் வைக்கக்கூடாது என்பதில் டொக்டர் பிடிவாதமாக இருந்தார். நிறத்தைக் கொஞ்சம் மங்கலாக எடுக்கச் சொல்வார். ஒரு முன்பல்லைச் சற்றுத் திருப்பி வைக்கச் சொல்வார். இதில் அவரோடு சண்டை பிடித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள், முந்தி இருந்த மாதிரி வேண்டும் என்பார்கள். ஆண்கள், முந்தி ஒருநாளும் இருந்திராததைக் கேட்பார்கள்.

வேலை முடிந்து பல்லை வாயில் போடும் அன்று டொக்டர் கண்ணாடியைக் கொடுக்க மாட்டார். "வீட்டிலை கூப்பிடுற மாதிரி ஆரையாவது பலமாக் கூப்பிடுங்கோ" என்பார். மெல்லக் கதைக்கும்போது எந்தப் பல்லும் நிற்கும், வளவின் அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டால்தான் உள்ளது தெரியும் என்பது அவருடைய கணக்கு. சிலர் மாட்டைக் கூப்பிட்டார்கள். வல்வெட்டித்துறையிலிருந்து வந்த, ஒருகாலத்தில் கப்பலோடிய ஒருவர் போட்ட சத்தத்தில் மருந்துக்கு நின்ற வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அநேகமான தாய்மார் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் ஜேர்மனியிலும் கனடாவிலும் இருந்தார்கள். கூப்பிட்டுவிட்டு, வாறன் அம்மா என்று மறுமொழி வரும் என்பதுபோல ஒரு கணம் சும்மா இருப்பார்கள். டொக்டரும் சும்மா இருப்பார். வெளியே எவ்வளவு சனம் காத்திருந்தாலும் அந்த நேரத்தை மட்டும் அவர் யாரிடமிருந்தும் பறித்ததில்லை.

மனிதரைப் பார்க்க எனக்குக் கற்றுத்தந்தவர் அவர். முதுமையில் ஆட்கள் பயப்படுவது சாவுக்கு என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. வாயிலிருந்து எச்சில் வழிந்ததை மருமகள் கண்டுவிட்டாளோ என்று பயம். கலியாணவீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழும்பியபிறகும் தான் மட்டும் மென்றுகொண்டிருக்க வேண்டிவருமோ என்று பயம். அதனால் கலியாணவீட்டுக்கே போகாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். அப்போது கேட்டேன். இப்போது என் வாய்க்குள்ளேயே தெரிகிறது.

தொண்ணூறில் திரும்பவும் சண்டை தொடங்க எல்லாம் மாறிவிட்டது. மின்சாரம் நின்றது. பல் மினுக்கும் சக்கரத்தை ஒரு பழைய தையல் மெசினின் மிதியோடு பூட்டினோம். விறகடுப்பில் பல்லை வேகவைத்தோம். கொழும்பிலிருந்து வரவேண்டிய பெட்டிகள் வரவில்லை. தூளும் திரவமும் கொஞ்சம் கையிருப்பில் கிடந்தன. வைப்பதற்குப் பல்தான் இல்லாமல் போயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் வடகரைச் சனம் இடம்பெயர்ந்து வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் எதை எடுப்பார்? குழந்தையை எடுப்பார், நகையை எடுப்பார், காணி உறுதிப் பத்திரத்தை எடுப்பார். தலைமாட்டில் தண்ணீர்க் கிளாசுக்குள் கிடந்த கட்டுப்பல்லை எடுக்க நினைத்தவர்கள் மிகக் குறைவு. பல்லை விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் ஒவ்வொருவராக எங்களிடம் வந்தார்கள். வீடு போனதைச் சத்தமாகச் சொன்னவர்கள், பல் போனதை வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்கள்.

மயிலிட்டிச் சின்னாச்சி அதையும் சொல்லவில்லை. சீலைத் தலைப்பை வாயில் வைத்தபடி கதிரையில் இருந்தார். கடற்கரையில் மீன் வாங்கி, கடகத்தில் சுமந்து, ஊரூராகக் கூவி விற்றவர். இப்போது பள்ளிக்கூடம் ஒன்றில் அகதி. கூட வந்த மகள் வசந்தாதான் கதைத்தாள்.

"அம்மா வாயே திறக்கிறா இல்லை, டொக்டர். கஞ்சி மட்டும்தான். அதையும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்து குடிக்கிறா. கதைக்கிறதையும் விட்டிட்டா. என்னோடையும் கதைக்கிறா இல்லை."

டொக்டர் ஸ்டூலில் இருந்து, விருப்பமாகச் சாப்பிட்டது என்ன என்று கேட்டார். சின்னாச்சி தலையை மட்டும் அசைத்தார். கை மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

பின்னறைக்கு வந்து டொக்டர் சொன்னார், "தம்பி, உவ பசியாலை இல்லை, வெக்கத்தாலை சாகப்போறா. அளவு எடுத்து வாரும்."

"வைக்கப் பல்லு இல்லை, டொக்டர்."

"அளவை எடும். பல்லு வந்தால் வைப்பம்."

எடுத்தேன். சாந்தில் வார்த்து, அதே மாதிரிக் காத்திருந்த மற்ற வாய்களோடு தட்டில் வைத்தேன்.

கொஞ்ச நாளில் இணுவிலிலிருந்து நாகேஸ்வரி அக்கா வந்தார். அவருடைய கணவர் கந்தையா அண்ணை எங்களிடம் பல் கட்டியவர். தோட்டக்காரர், கந்தசுவாமி கோயிலில் தேவாரம் பாடுகிறவர். பாடும்போது பல் கழன்று விழுந்துவிடுமோ என்று எங்களிடம் பலமுறை நடந்து திருத்தவைத்தவர். அவர் காய்ச்சலில் காலமாகி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்திருந்தது. அக்கா ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை மேசையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே அவருடைய கட்டுப்பல், மேலும் கீழும். நான் செய்ததுதான். பீங்கான் பல்.

"குளிப்பாட்டேக்கை கழட்டினது, தம்பி. சாம்பலோடை கடலிலை போடச் சொன்னவை. உடுப்பைக் குடுத்திட்டன். இதைப் போட எனக்கு மனம் வரேல்லை. ஆருக்காவது உதவுமெண்டால் எடுங்கோ."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிளாஸ்டிக் பல் என்றால் ஒன்றும் செய்ய ஏலாது. பீங்கான் பல்லை, பிடித்திருக்கும் அடியை வாட்டி இளக்கிக் கழற்றலாம், அவித்தெடுக்கலாம், புதிதாய் அடுக்கலாம். கந்தையா அண்ணை சின்ன முகக்காரர். தட்டில் இருந்த வாய்களில் அந்தப் பல் அளவாக வரக்கூடியது ஒன்றே ஒன்றுதான், சின்னாச்சியினது.

எழும்பும்போது அக்கா சொன்னார், "ஒண்டு, தம்பி. சைவக்காறருக்குத்தான் குடுக்க வேணும். உந்தப் பல்லிலை ஒருநாளும் மச்சம் பட்டதில்லை."

எங்கள் பக்கத்தில் மீனுக்கும் இறைச்சிக்கும் மச்சம் என்று பெயர். ஆள் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கும்போது சைவமோ மச்சமோ என்பது முன்னுக்கு நிற்கிற கேள்வி. கறிச்சட்டி வேறு, அகப்பை வேறு, சில வீடுகளில் அடுப்பே வேறு. நானோ அந்தச் சைவப் பல்லை மீன்காரி வாயில் வைக்க மனதுக்குள் அளவெடுத்து முடித்துவிட்டேன்.

அக்கா போனதும் டொக்டரிடம் சொன்னேன். "அவிச்செடுத்த பீங்கானுக்கு என்ன தெரியும் டொக்டர், சைவமும் மச்சமும்? ரெண்டு பேருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. நான் பாத்துச் செய்யிறன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்வது அவ்வளவுதான்.

"ஒராளின்ரை வாய்க்குள்ளை வைக்கிறதை ஒளிச்சு வைக்கப்படாது, தம்பி. சின்னாச்சிக்கும் சொல்லவேணும். அந்த அம்மாவுக்கும் சொல்லவேணும்."

"செத்த ஆளின்ரை பல்லெண்டால் உவ மாட்டனெண்டுவா. மீன்காரிக்கெண்டால் அவ மாட்டனெண்டுவா."

"எண்டால் விடுவம்."

எனக்கு அடக்க முடியாத கோபம். ஒரு மனிசி எங்கள் கண்ணுக்கு முன்னால் வற்றிக்கொண்டு போகிறது, இவர் நியாயம் பார்க்கிறார் என்று பின்னறையில் சாமான்களைச் சத்தம் வர வைத்தேன். அவர் கேட்டும் கேட்காதவர்போல இருந்தார்.

சின்னாச்சியை அழைப்பித்து டொக்டரே சொன்னார். ஸ்டூலில் இருந்து, முகத்துக்கு நேரே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். இன்னாருடைய பல், அவர் காலமாகிவிட்டார், பல்லை நன்றாக அவித்து எடுப்போம், மனம் இல்லையென்றால் வேண்டாம். அவருடைய மனைவி சைவக்காரருக்குத்தான் கொடுக்கச் சொன்னா என்பதையும் சொன்னார்.

சின்னாச்சி சீலைத் தலைப்பை வாயிலிருந்து எடுக்காமல், காற்றுப்போன குரலில் கேட்டார்.

"நல்ல மனுசனோ?"

"நல்ல மனுசன்" என்றேன் நான்.

"அப்ப, மீன் தின்னேக்கை கழட்டி வைக்கிறன் எண்டு அவரின்ரை பெண்சாதிக்குச் சொல்லுங்கோ. மீனுக்கு என்னத்துக்குப் பல்லு, மோனை? முரசே போதும்."

டொக்டர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். வசந்தா சிரிக்கவில்லை. தாய் இவ்வளவு கதைத்ததைக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.

சைக்கிளில் இணுவிலுக்குப் போய் நாகேஸ்வரி அக்காவிடம் சொல்வது என் தலையில் விழுந்தது. அவர் முற்றத்தில் நின்றபடி கேட்டார்.

"மீன்காரியோ?"

"ஓம் அக்கா. மயிலிட்டி ஆள். இடம்பெயர்ந்து வந்தவ. மீன் தின்னேக்கை கழட்டி வைப்பன் எண்டு சொல்லுறா."

அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "செய்யுங்கோ. போடுற அண்டைக்கு நான் வந்து பாக்கவேணும். பாத்துப்போட்டுச் சொல்லுறன்" என்றார்.

பார்த்தபின் மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று டொக்டரிடம் கேட்டேன். திருப்பிக் கொடுப்பது என்றார். இப்படி ஒரு மனிதரோடு எப்படி வேலை செய்வது என்று அன்று நினைத்தேன். இப்படி ஒரு மனிதரோடு வேலை செய்யக் கிடைத்ததே என்று நினைக்கக் கனகாலம் பிடித்தது. தொண்ணூற்றைந்தில் இராணுவம் வர யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது நாங்கள் இருவரும் அந்தச் சனத்துக்குள்தான் நடந்தோம். அதற்குப் பிறகு அவரோடு வேலை செய்ய எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. எங்காவது இதைப் படிக்கிறார் என்றால், டொக்டர், நான் சாமான்களைச் சத்தம் வர வைத்தது உங்களுக்குக் கேட்கத்தான்.

பல்லைச் செய்து முடித்தேன். போடும் அன்று நாகேஸ்வரி அக்கா எல்லாருக்கும் முதல் வந்து, நோயாளிகள் காத்திருக்கிற நீட்டு வாங்கிலில் இருந்தார். வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு. சின்னாச்சி அவரைக் கண்டதும் யாரென்று விளங்கித் தலையைக் குனிந்துகொண்டு போய்க் கதிரையில் இருந்தார்.

டொக்டர் மேல்பல்லை வைத்தார், கீழ்ப்பல்லை வைத்தார். சின்னாச்சி வாயை மூடி நாக்கால் தடவிப் பார்த்தார். குழிவிழுந்த கன்னம் நிரம்பி வந்தது.

"ஆரையாவது பலமாக் கூப்பிடுங்கோ, அம்மா."

சின்னாச்சி மகளைப் பார்த்தார். மகள் பக்கத்தில்தான் நின்றாள், கூப்பிடத் தேவையில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கூவினார். "மீனோ... மீன். பாரை, விளை, ஓரா... மீனோ."

தெரு ஒழுங்கை முழுக்கக் கேட்கிற குரல். பல் அசையவில்லை. வசந்தா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நாகேஸ்வரி அக்கா வாங்கிலால் எழும்பி வந்தார். கதிரைக்கு முன்னால் வந்து நின்று, "ஒருக்கா வாயைத் திறவுங்கோ" என்றார். சின்னாச்சி திறந்தார். அக்கா குனிந்து பார்த்தார்.

"பயப்பிடாதை பிள்ளை" என்றார் சின்னாச்சி. "மீன் தின்னேக்கை கழட்டி வைப்பன். பொய் சொல்லமாட்டன்."

அக்கா எங்களைப் பார்க்கவில்லை, சின்னாச்சிக்கு மட்டும் சொன்னார்.

"அவர் தென்மராட்சிப் பக்கம். கடலேரிக் கரையிலை பிறந்தவர். எங்கடை வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்த அண்டையோடை மச்சத்தை விட்டவர். நான் விடச்சொல்லிக் கேக்கவுமில்லை, ஏன் விட்டனீங்கள் எண்டு கேக்கவுமில்லை. மீன்காரி ஒழுங்கையாலை கூவிக்கொண்டு போனால் மண்வெட்டியை ஊண்டிப்போட்டு நிண்டு கேப்பார். சத்தம் போய் முடியத்தான் திரும்பக் கொத்துவார். நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்திட்டன்."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"கழட்ட வேண்டாம். போட்டுக்கொண்டே தின்னுங்கோ. இனியெண்டாலும் தின்னட்டும்."

டொக்டர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். சின்னாச்சி கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்தார்.

"அவருக்கு என்ன மீன் விருப்பம், பிள்ளை?"

"நான் ஒருநாளும் கேக்கேல்லையே" என்றார் அக்கா.

சின்னாச்சி மீன் விற்கிற ஆளின் நிச்சயத்தோடு சொன்னார்.

"கடலேரிக்காறருக்கு ஓராதான். நாளைக்கு ஓரா வாங்குறன்."